கட்டுரையின் சொந்த வீடு

திருத்தணி மலையேறி வருகிறவர்கள் முருகனிடம் என்னென்னவோ கேட்பார்கள். பெண்ணுக்கு வரன், பையனுக்கு வேலை, வயிற்றில் ஒரு பிள்ளை, கோர்ட்டில் ஒரு தீர்ப்பு. தமயந்தி டீச்சர் கேட்டது ஓர் எண். தொண்ணூறு. அந்த எண் மட்டும் வந்துவிட்டால் முடியிறக்குகிறேன் என்று, இடுப்புவரை தொங்கும் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டாள். சாமிக்கே கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். தமயந்தி திருத்தணியில் குடியிருந்துகொண்டு, பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் சொல்லித் தரப் போய்வருகிறவள். அந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடித்தால் ஒன்றும் தெரியாது. குழந்தைகளின் பல்லில் பழுப்புத் திட்டாகத் தெரியும். பெரியவர்களின் முட்டியில் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது புரியவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்த்து, எவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து பெருமை பேசினாள். அடக்கம் இல்லை, வெட்கம் என்று தெரிந்த நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல், திருத்தணிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த ஒரு வெளிநாட்டுக் கட்டுரை அவளைப் பிடித்து ஆட்டியது. கரும்புச் சக்கையைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, மூடிய பாத்திரத்தில் கரியாக்கி, அதன் வழியே தண்ணீரை வடித்தால் ஃபுளோரைடு நூற்றில் தொண்ணூறு போய்விடுகிறதாம். கரும்புச் சக்கை! திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையும் கரும்பு லாரியுமாக இருக்கிற பூமியில், இதைவிட வேறென்ன வேண்டும். அவள் கட்டுரையின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, வருடா வருடம் சரஸ்வதி பூஜையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். நான்கு மூலையிலும் குங்குமம் ஏறிய தாளை அப்புறம் யார் கேள்வி கேட்பது?

அவள் கணவன் ஜெயப்பிரகாஷுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை. கடையை மூடிவிட்டு வரும்போது கரும்பு ஜூஸ் வண்டிகளில் சக்கையை மூட்டையாகக் கட்டி வாங்கி வருவது அவன் வேலையாகிவிட்டது. ஜூஸ் கடைக்காரர் ஒருநாள், "வூட்ல மாடு எத்தினி சார் வச்சிகினு கீறீங்க?" என்று கேட்டாராம். "ஒன்னே ஒன்னுதாங்க. அது பி.எச்டி பண்ணிகினு இருக்குது" என்று இவன் சொல்லிவிட்டு, அதை வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்லவும் செய்தான். அன்றைக்கு அவனுக்குக் காபி கிடைக்கவில்லை.

எண்தான் வர மறுத்தது. முப்பது வந்தது. முப்பத்து நாலு வந்தது. ஒருமுறை முப்பத்தேழு வந்து ஆசை காட்டிவிட்டு மறுபடி முப்பத்திரண்டுக்கு இறங்கியது. சக்கையை மாற்றினாள், படிகாரத்தை மாற்றினாள், அடுப்பின் திசையைக்கூட மாற்றினாள். ராஜகோபால் கூடவே நின்று பார்த்துவிட்டு, செய்முறையில் பிசகு எதுவும் தெரியவில்லை, வந்ததை வந்தபடி குறித்துவை என்றுதான் சொன்னார். அளப்பதற்கு முன்னால் தண்ணீரில் ஒரு கரைசலைச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கட்டுரையில் அப்படி ஒன்றும் இல்லையே என்று அவள் ஒருநாள் அதை விட்டுவிட்டுச் செய்யப் போனபோது, அவர் கோபித்துக்கொண்டு சோதனைக்கூடத்தை விட்டே வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அவள் மறக்காமல் சேர்ப்பாள், வேண்டாவெறுப்பாக.

கடைசியில் தமயந்தி ஒரு முடிவுக்கு வந்தாள். தனக்குக் கைராசி இல்லை. சின்ன வயதில் மாங்காய் ஊறுகாய் ஜாடியை அவள் தொட்டால் பூஞ்சை பூத்துவிடும் என்று அவள் அம்மா அவளை அடுக்களைப் பக்கமே விடமாட்டாள். அந்தக் கைதானே இது. கட்டுரை பொய் சொல்லாது, மீட்டர் பொய் சொல்லாது. மிச்சம் இருப்பது தன் கைதான். அதனால்தான் மலையேறிப் போய் வேண்டுதல். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் மனப்பான்மை பாடம் நடத்துகிறவள்தான் அவள்.

இதற்குள் பள்ளியில் காரியம் ஓடிக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் அசோக்குமார் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அரக்கோணத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் கரீமுல்லாவைப் பிடித்து, பெரிய டிரம்களும் குழாய்களும் வாங்கி, பள்ளி வளாகத்தில் வடிகட்டியை நிறுத்தியே விட்டார். கரியைப் போட வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை திறப்பு விழா. அன்றோடு, பெற்றோர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வரவழைத்துக் கொடுக்கும் கேன் தண்ணீர் நிறுத்தப்படும்; பிள்ளைகள் இந்தக் குழாயில்தான் குடிப்பார்கள். அதற்குமுன் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று தமயந்தி ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த எண்ணைப் போடுவது என்று அவள் தயங்கிக் கேட்டாள். அவர் தட்டிக்கொடுக்கிற குரலில், "வெளிநாட்டுக்காரங்க எழுதனதையே எழுதுங்க டீச்சர். உங்க கைய நம்பியா அவங்க எழுதனாங்க?" என்றார். அவள் மனதில் இருந்ததும் அதுதான். அறிக்கையில் தொண்ணூறு என்றே எழுதினாள். முப்பத்து நாலு தன் கையின் குறை. அது பிள்ளைகளின் தண்ணீருக்கு எதற்கு?

கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு சின்னத் தடங்கல். எண் எங்கிருந்து வந்தது என்று அடியில் குறிப்பிட வேண்டும். லேமினேட் தாளில் கடைசி வரியை ஜெராக்ஸ் கடைக்காரர் வெட்டியிருந்தார். எந்த ஆய்விதழ், எந்த ஆண்டு என்பது அந்த வரியில்தான் போயிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது பழைய போனோடு போயிற்று. ராஜகோபாலைக் கேட்கலாம் என்றால் அவர் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் சனிக்கிழமை காலையில் தமயந்தி கல்லூரி நூலகத்துக்குப் போனாள். இத்தனை நாள் அந்தக் கல்லூரிக்கு வந்துபோயும் நூலகத்துக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல்முறை.

நூலகர் ஆலிமா அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருக்கும் தப்ரேஸின் மகள். அப்பாவின் வழக்கம் அவளுக்கும் உண்டு: எந்த வண்டி வந்தாலும், வாடிக்கையாளர் சொல்கிற குறையை நம்பாமல் முதலில் தானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது. அவள் மேசைக்குப் பின்னால் சுவரில், 'அறிவியல் தேட நம்பத் தகுந்த இடங்கள்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்தத் துறைக்கு எந்தத் தளம், எதில் இலவசமாகப் படிக்கலாம், எதில் சரிபார்க்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து ஒட்டுவாள். அதற்கு நேர் கீழே குடிநீர் கேன். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து தண்ணீர் பிடிப்பார்களே தவிர நிமிர்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க, தாளின் நடுவே அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இதைப் படித்தவர் நூலகரிடம் ஒரு கடலை மிட்டாய் பெற்றுக்கொள்ளவும்.' மிட்டாய் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

தமயந்தி லேமினேட் தாளை நீட்டி, கடைசி வரி மட்டும் வேண்டும் என்றாள். ஆலிமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைத் தமயந்தி கவனித்து மனதில் வைத்துக்கொண்டாள்.

"இது காப்பிங்க டீச்சர். கட்டுரைக்குன்னு சொந்த வீடு ஒன்னு இருக்குது, அங்க போயிதான் விலாசம் கேக்கணும். வீட்ட வுட்டுக் கிளம்பி வந்த காப்பிக்கு, அதுக்கப்புறம் வீட்ல என்ன நடந்துதுன்னு தெரியாதுங்க."

சொல்லிக்கொண்டே தலைப்பைத் தட்டினாள். கணினித் திரையில் ஆய்விதழின் தளம் திறந்தது. அதே தலைப்பு, அதே பெயர்கள். ஆனால் தலைப்புக்கு மேலே சிவப்பில் ஒரு பட்டை. இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தால், தமயந்தி முதல் மூட்டைச் சக்கையை வாங்குவதற்கும் முன்னால்.

தமயந்திக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். வேறு ஏதோ கட்டுரை, நன்றாகப் பாரு என்றாள். ஆலிமா பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையே தொகுத்து வைத்திருக்கும் இன்னொரு தளத்திலும் தேடிக் காட்டினாள். அங்கேயும் அது இருந்தது. பூஜையில் வைத்த பேப்பர் என்று தமயந்தி ஏதோ சொல்ல ஆரம்பித்து, என்ன சொல்கிறோம் என்று தனக்கே கேட்டுவிட்டதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆலிமா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தாள். அப்புறம்தான் இருவரும் அந்தச் சிவப்புப் பட்டைக்குள் நுழைந்து காரணத்தைப் படித்தார்கள்.

எழுதியவர்களே எழுதியிருந்தார்கள். கரியில் இருக்கும் படிகாரம் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து, அதிலுள்ள அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா முந்தானைக்குள் ஒளிந்த குழந்தை மாதிரி, இருக்கிறது, ஆனால் மீட்டரின் கண்ணுக்குப் படுவதில்லை. ஒரு கரைசலைச் சேர்த்து அந்தப் பிடியை விடுவித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். நாங்கள் அதைச் சேர்க்காமல் அளந்துவிட்டோம். ஃபுளோரைடு போகவில்லை, மறைந்திருந்தது. சரியாக அளந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. யாரும் இதை நம்பிக் குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தமயந்தி கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். ராஜகோபால் சார் கோபித்துக்கொண்டு வெளியே போனது நினைவுக்கு வந்தது. வேண்டாவெறுப்பாக ஊற்றிய ஒவ்வொரு சொட்டும் நினைவுக்கு வந்தது. முப்பத்து நாலு. அது தப்பில்லை. ஆரம்பத்திலிருந்தே தப்பில்லை.

"இன்னொரு எடம் பாக்கலாங்களா டீச்சர்?" என்று ஆலிமா மெதுவாகக் கேட்டாள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா என்ற தளத்தைத் திறந்தாள். சக்கைக் கரி, ஃபுளோரைடு என்று தேடியதில், மகாராஷ்டிரத்தில் ஒருவரும் கர்நாடகத்தில் ஒருவரும் இதையே செய்து பார்த்திருந்தார்கள். ஒருவருக்கு முப்பத்தொன்று. இன்னொருவருக்கு முப்பத்தைந்து. கர்நாடகத்துப் பெண் அந்த அத்தியாயத்தின் முடிவில், எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

அங்கேதான் தமயந்தி உடைந்து அழுதாள். முகம் தெரியாத ஒருத்தி, எங்கோ ஓர் ஊரில், இதே கரியை இடித்துக்கொண்டு, தனக்கும் கைராசி இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்பே ஒருநாள் இங்கே வந்து, சுவரில் ஒரு தாளை நிமிர்ந்து பார்த்திருந்தால் இத்தனை நாளும் வீண் போயிருக்காது. அதைவிட, இந்த ஒரு வரி ஜெராக்ஸில் வெட்டுப்படாமல் இருந்திருந்தால், தான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். தொண்ணூறு என்று கையெழுத்துப் போட்டிருப்போம். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்கள், டீச்சர் சொல்லிவிட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஆலிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியமே தமயந்தி தலைமை ஆசிரியர் வீட்டு வாசலில் நின்றாள். அச்செடுத்த தாள்கள் கையில் இருந்தன; அறிக்கையைக் கிழித்துப் பையில் போட்டிருந்தாள். அசோக்குமார் முதலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பந்தல் சொல்லியாகிவிட்டது, வருகிறவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, கரீமுல்லாவுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பினார். இதை மட்டும் போட்டுவைத்து, அப்புறம் சரிசெய்துகொள்ளலாமா என்றும் இழுத்துப் பார்த்தார். தமயந்தி மூத்தவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்று பேசினாள்.

"முடியாதுங்க சார். ஏற்கெனவே நம்ம புள்ளைங்க வாயப் பொத்திகினுதான் சிரிக்கறாங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் அவங்க மொகத்துல எப்படிங்க முழிப்பேன்?"

அசோக்குமார் தானே கரீமுல்லாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் பாய் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னது அந்த வீட்டில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. "குடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிதே சார், அது போதும். டிரம்மு எங்க போவப் போவுது? அதுல வேற என்ன போடணுமோ பாத்துப் போடுங்க. நானும் அந்தத் தண்ணி குடிச்சவன்தான்." பந்தல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கேன் தண்ணீர் தொடர்ந்தது.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ராஜகோபால் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும், அனுப்பியவன் நான், நான்தானம்மா அதன் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். நீங்கள் அந்தக் கரைசலுக்காகக் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் எனக்கும் தொண்ணூறு வந்திருக்குமே சார் என்று தமயந்தி சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆராய்ச்சித் தலைப்பு இப்போது தலைகீழாக மாறியது: இந்தக் கரி ஏன் போதாது என்பதுதான் இனி அவளுடைய ஆய்வு. அவளிடம் சேர்ந்து கிடந்த முப்பதுகள் அத்தனையும் அதற்கு வேண்டியிருந்தன. பல ஊர்களில் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த வேறொரு முறையை ஆலிமா சொன்ன தளங்களில் மூவருமாகத் தேடி எடுத்தார்கள். கரீமுல்லாவின் டிரம்களில் அது ஏறியது. தண்ணீர் மாதிரியை அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நல்ல முடிவு வந்த பிறகுதான் குழாயைத் திறந்தார்கள். கர்நாடகத்துப் பெண்ணுக்குத் தமயந்தி ஒரு மின்னஞ்சல் எழுதினாள், காரணம் தெரிந்துவிட்டது என்று. தவறை ஒப்புக்கொண்டு எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கும் எழுதினாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சார்பாக என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஆங்கிலம் வராமல், நன்றி என்று முடித்துவிட்டாள்.

குழாயைத் திறந்ததற்கு அடுத்த சனிக்கிழமை நூலகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவளை ஆலிமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை. தலை நிறையச் சந்தனம். கையில் ஒரு பெரிய பாட்டிலில் கரும்பு ஜூஸ்.

"சக்கைதாம்மா நமக்கு ஒதவல. சாறு நல்லாத்தான் கீது. ஐஸ் போடாம வாங்கனேன்" என்று தமயந்தி பாட்டிலை மேசையில் வைத்தாள். பிறகு நேரே சுவருக்குப் போய், குடிநீர் கேனுக்கு மேலே நிமிர்ந்து நின்று, அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, சில பெயர்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பொறுமையாக. நடுவில் ஓரிடத்தில் நின்றாள். திரும்பி வந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

ஆலிமாவுக்கு ஒரு நிமிடம் எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் இழுப்பறையைத் திறந்தாள். தாளைப் புதுப்பித்து ஒட்டும்போதெல்லாம் மிட்டாயையும் புதிதாக வாங்கி வைப்பது அவள் வழக்கம். யாரும் கேட்டதில்லை, வருடக் கடைசியில் தானே தின்றுவிடுவாள். இன்று அதை எடுத்துக் கொடுக்கும்போது அவள் கண் கலங்கிவிட்டது. தமயந்தி அதை அங்கேயே பிரித்துப் பாதியை உடைத்து அவளுக்கே கொடுத்தாள். தாளில் ஒரு பிரதி வேண்டும், பள்ளியில் ஒட்ட வேண்டும் என்றாள். தருகிறேன், ஆனால் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், வருடா வருடம் மாறும் என்று ஆலிமா கெஞ்சினாள். இருவரும் சிரித்தார்கள்.

ஜூஸைக் குடித்துக்கொண்டே ஆலிமா அந்தச் சந்தனத் தலையைத் தயங்கித் தயங்கிப் பார்த்தாள். வேண்டுதல் விவரம் அவளுக்குத் தெரியும். அன்று அழுகையோடு அழுகையாகத் தமயந்தியே சொல்லியிருந்தாள்.

"டீச்சர், தொண்ணூறு வந்தாத்தானே முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினீங்க? அதுதான் வரவே இல்லியே?"

தமயந்தி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். புதுக் காற்று சில்லென்று பட்டது.

"ஆங். அத்தினி வாட்டி போயி அழுதும் குடுக்கல பாரு," என்றாள், "அதுக்குத்தாம்மா."